முன்குறித்தல்

விளைச்சல் பொய்த்தால் பாகூர்ப் பக்கம் ‘தலையெழுத்து’ என்பார்கள். வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்கு வரும் கிறிஸ்தவர்களின் பேச்சிலும் அந்தச் சொல் புழங்கும். ஆனால் அவர்கள் வாசிக்கும் விவிலியத்தில், உரோமையர் 8:29இல், இருப்பது ‘முன்குறித்தல்’. கிரேக்க மூலம் ‘ப்ரோஒரிட்ஸோ’. ‘ப்ரோ’ என்றால் முன்; ‘ஒரிட்ஸோ’ என்றால் எல்லை வகுத்தல். நடவுக்கு முன்பே வரப்பு கட்டுவது போல.

தமிழில் ‘குறி’ அடையாளத்தையும் சுட்டும், நிமித்தத்தையும் சுட்டும், இலக்கையும் சுட்டும். இங்கே பொருந்துவது இலக்குதான் என்பேன். இன்னார் கெடுவார் என்ற பட்டியலை, அந்த மடலை எழுதிய பவுல் அவ்வசனத்தில் தரவில்லை. கடவுளுடைய மகனின் சாயலுக்கு மனிதர் மாறுவதையே குறியாக வைக்கிறார். மாற்றத்தைக் கேட்கும் சொல்லைத் தலையெழுத்து என்று படித்தால் அதன் உயிரே போய்விடும்.

கெடுவாரும் முன்பே குறிக்கப்பட்டவர் என்றார் 16ஆம் நூற்றாண்டின் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வின். கத்தோலிக்கர் அதை ஏற்கவில்லை. அருள்தான் முந்துகிறது, ஆனால் மனிதர் அதற்கு இசையவும் முடியும், மறுக்கவும் முடியும் என்று அவர்களுடைய திரெந்து பொதுச்சங்கம் 1547இல் அறிவித்தது.