எலும்பு நொறுக்குபவர்

ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்தார், பூட்டிய கேட்டுக்கு வெளியே விட்டுச் சென்ற கிரேட் டேன் நாயை இரக்கப்பட்டு வீட்டுக்கு அழைத்து வந்தேன். அழைத்து வந்தேன் என்று எழுதுவது என் மரியாதைக்காக. வாஸ்தவத்தில் அதுதான் என்னை இழுத்து வந்தது. அரை மணிக்குள் சாதப் பாத்திரம் காலி. சாய்வு நாற்காலியின் துணி கிழிந்தது. தபால்காரர் மதில்மேல் ஏறிக்கொண்டார்.

"நாளைக்கே கொண்டுபோய் விட்டுட்டு வாங்கோ" என்றாள் என் மனைவி.

"எங்கே விடறது?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

அன்று ராத்திரி அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். கதை என்றாலும் அத்தனையும் சரித்திரம்.

தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனை அடுத்த ராண்டபாஷில், 1937 ஏப்ரல் 1-ஆம் தேதி ஒரு கிரேட் டேன் குட்டி பிறந்தது. அதை வாங்கியவர் சைமன்ஸ் டவுன் துறைமுகத்தில் மாலுமிகளுக்கான விடுதி ஒன்றை நடத்தப் போனார். நாயும் கூடப் போயிற்று. பின்னங்கால்களில் நின்றால் ஏறக்குறைய ஆறரை அடி உயரம். பிரிட்டிஷ் மாலுமிகள் தின்பண்டம் கொடுத்துக் கெடுத்தார்கள். கப்பலில் ஏறும் பலகையின் உச்சியில் வழியை அடைத்துக்கொண்டு படுப்பது அதன் வழக்கம். தாண்டிப் போக முடியாதவர்கள் 'நியூசன்ஸ்' என்று திட்டினார்கள். அதுவே பெயராக நிலைத்தது.

சனியன் அதோடு நின்றதா? மாலுமிகளோடு ரயிலேறி, ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தள்ளியிருந்த கேப் டவுனுக்குப் பிரயாணம் செய்யத் தொடங்கியது. பரிசோதகர்கள் இறக்கிவிட்டால் அடுத்த வண்டியில் ஏறும். டிக்கெட் கையிலிருந்த காந்தியையே 1893-ல் இறக்கிவிட்ட தேசம் அது; டிக்கெட் இல்லாத நாயையா பொறுத்துக்கொள்ளும்? நாயைக் கட்டிவைக்க வேண்டும், அல்லது கட்டணம் செலுத்த வேண்டும். இல்லாவிட்டால் கொன்றுவிடுவோம் என்று ரயில்வேக்காரர்கள் எச்சரித்தார்கள்.

மாலுமிகளும் ஊர்ஜனங்களும் கடற்படைக்குக் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். தலைமைத் தளபதி ஒரு யுக்தி செய்தார். படையில் சேர்ந்தவருக்கு ரயிலில் இலவசப் பிரயாணம் உண்டல்லவா? 1939 ஆகஸ்ட் 25-ஆம் தேதி நாய் கடற்படையில் சேர்க்கப்பட்டது. குலப்பெயர் 'நியூசன்ஸ்', படிவத்தில் முதற்பெயர் கேட்டிருந்ததால் 'ஜஸ்ட்'. தொழில், 'எலும்பு நொறுக்குபவர்'. மதம் என்ற இடத்தில் 'ஓசியில் வயிறு வளர்ப்பவர்' என்று எழுதினார்களாம். ஒரு வாரம் கழித்து உலக யுத்தம் தொடங்கியது.

சிப்பாயாகியும் குணம் மாறவில்லை. அடையாளச் சீட்டில்லாமல் ரயிலேறியது, கழுத்துப்பட்டையைத் தொலைத்தது, தனக்கு உரிமையில்லாத படுக்கையில் தூங்கியது, மதுக்கடையை விட்டு வெளியேற மறுத்தது என்று அதன்மேல் குற்றப் பதிவுகள் உண்டு. கடலுக்கு ஒரு நாளும் போகவில்லை. வேறு இரண்டு கப்பல்களின் செல்ல நாய்களைச் சண்டையில் கொன்றும் இருக்கிறது. சைமன்ஸ் டவுன் சதுக்கத்தில் 1985-ல் அதற்குச் சிலை வைத்தவர்கள் இதைப் பெரிதாகப் பேச விரும்ப மாட்டார்கள். எனக்கென்னவோ மறைப்பது சரியாகப் படவில்லை. இதே நாய்க்கு ஒரு பெண் நாயோடு கல்யாணம் செய்து, பிறந்த ஐந்து குட்டிகளில் இரண்டை யுத்த நிதிக்காக ஏலம் விட்டார்கள். அதுவும் நடந்ததுதான்.

பின்னர் ஒரு மோட்டார் விபத்து. ரத்தம் உறைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கால்கள் விழுந்துவிட்டன. 1944 ஜனவரி 1-ஆம் தேதி படையிலிருந்து விடுவித்தார்கள். மூன்று மாதம் பார்த்தார்கள். தேறவில்லை. ஏப்ரல் 1-ஆம் தேதி, அது பிறந்த நாளன்றே, கடற்படை மருத்துவமனையில் ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டார்கள். எந்தச் சாவிலிருந்து காப்பாற்றப் படையில் சேர்த்தார்களோ, அதையே அவர்கள் கையால் கொடுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் கடற்படைக் கொடியைப் போர்த்திக் குன்றின்மேல் புதைத்தார்கள். துப்பாக்கி வேட்டு முழங்கியது, எக்காளம் ஊதினார்கள்.

என் மனைவி வெகு நேரம் பேசவில்லை.

"அப்போ ஏழே வயசுதானா?" என்றாள்.

"ஏழு நிறைந்த நாள்."

"இதுக்கு என்ன வயசிருக்கும்?"

"மூன்று இருக்கலாம்."

மறுநாள் காலையில் நான் சங்கிலியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, அவள் வழக்கத்தைவிட அரைப்படி அரிசி அதிகமாகக் களைந்துகொண்டிருந்தாள். நாய் அவள் புடவைத் தலைப்பின்மேல் படுத்திருந்தது.