கர்ப்பத்தின் அடையாளமாய் இருந்த கருமை

கருவுற்ற பெண்ணின் முலைக்காம்பும் அதைச் சுற்றிய வட்டமும் கறுக்கும். தொப்புளுக்குக் கீழே கருங்கோடு தெரியும். சிலருக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் மங்கு படரும். சிறுநீர்ச் சோதனையும் ஸ்கேனும் இல்லாத காலத்தில் கர்ப்பத்தைக் கண்டறிய வைத்தியரும் மருத்துவச்சியும் பார்த்த அறிகுறிகளில் இந்த நிறமாற்றமும் ஒன்று.

சுஸ்ருத சம்ஹிதையும் சரக சம்ஹிதையும் கர்ப்பக் குறிகளோடு முலைக்காம்புப் பகுதி கறுப்பதைச் சேர்த்துச் சொல்கின்றன. காளிதாசரின் ரகுவம்சத்தில், அரசி சுதட்சிணை கருவுற்றிருப்பதை வருணிக்கும் மூன்றாம் சருக்கத்திலும் இந்தக் கருமை இடம்பெறுகிறது. கிரேக்கத்தில் ஹிப்போகிராத்திஸின் பெயரால் வழங்கும் நூல்களில் ஒன்று, முகத்தில் மங்கு விழுந்தால் பிறப்பது பெண் என்றது. கவனிப்பு சரி; முடிவு தவறு.

டப்ளின் மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி, கர்ப்பக் குறிகளைப் பற்றி 1837-இல் வெளியிட்ட நூலில், காம்பைச் சுற்றிய வட்டத்தின் நிறத்தையும் அதில் எழும் சிறு புடைப்புகளையும் நுணுக்கமாக விவரித்தார். ஆனால் ஒருமுறை பிள்ளை பெற்றவர்களுக்கு அந்தக் கருமை முழுவதும் மறைவதில்லை. அதனால் முதல் கர்ப்பத்தில்தான் இந்தக் குறியை ஓரளவு நம்ப முடிந்தது.

1928-இல் பெர்லினில் மருத்துவர்கள் ஆஷ்ஹைமும் சோண்டெக்கும் சிறுநீரைக் கொண்டு கர்ப்பத்தைக் கண்டறியும் சோதனையை அறிவித்தார்கள். கர்ப்பத்தைக் கண்டறிவதில் தோலின் நிறத்துக்கு இருந்த இடம் குறைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பெண் ஹார்மோன்களான ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் பிரித்தெடுக்கப்பட்டன. கருமைக்கு இவையே காரணமா என்பது அப்போதும் தெளிவாகவில்லை. கர்ப்பத்தில் பல ஹார்மோன்கள் ஒரே சமயத்தில் மாறுவதால், எதன் விளைவு எது என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை.

விடைக்கு வழி காட்டியது கருத்தடை மாத்திரை. ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் ஒத்த செயற்கைப் பொருள்கள் கலந்த எனோவிட் 1960-இல் அமெரிக்காவில் கருத்தடைக்காக அனுமதி பெற்றது. அதே ஆண்டில், சினைப்பை நீக்கிய கினிப் பன்றிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோது தோலில் மெலனின் என்ற நிறமி கூடுவதை ஆய்வாளர்கள் ஸ்னெல்லும் பிஷிட்ஸும் காட்டினர். மாத்திரை பரவியபின், கருவுறாத பெண்களின் முகத்திலும் கர்ப்பகாலத்தில் வருவது போன்ற மங்கு தோன்றியது. 1967-இல் ரெஸ்னிக் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில், மாத்திரை எடுத்த 212 பெண்களில் சுமார் 29 விழுக்காட்டினருக்கு மங்கு வந்ததாக எழுதினார். கரு இல்லாமலே கருமை வந்ததால், பெண் ஹார்மோன்களின் பங்கு வெளிப்படையாயிற்று.

செல்லுக்குள் நடப்பது பிடிபட இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 2016-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனித நிறமிச் செல்களை ஆராய்ந்தனர். ஈஸ்ட்ரோஜன் மெலனின் உற்பத்தியைக் கூட்டியது, புரோஜெஸ்டிரோன் குறைத்தது. இரண்டும் செல்லின் உட்கருவிலுள்ள வழக்கமான ஏற்பிகள் வழியாக அன்றி, செல்சவ்விலுள்ள வேறு ஏற்பிகள் வழியாகவே வேலை செய்தன.

மங்குக்கு ஹார்மோன் மட்டுமே காரணமல்ல. வெயிலும் பரம்பரையும் சேர்ந்தே அதை வரவழைக்கின்றன. கர்ப்பகாலத்தில் முகத்தில் வந்த கருமை பிரசவத்துக்குப்பின் பெரும்பாலும் மெல்ல மங்கும். மாத்திரையால் வந்தது நீடிக்கக்கூடும். ஆகவேதான் தோல் மருத்துவர்கள் மங்குள்ள பெண்களிடம் கருத்தடை மாத்திரை பற்றிக் கேட்கிறார்கள். வெயிலிலிருந்து முகத்தைக் காப்பதையே சிகிச்சையின் முதல் படியாக வைக்கிறார்கள்.