சிறு பிரசுர அமைப்புப் பாடம்

துண்டுப் பிரசுரம், நிகழ்ச்சி நிரல், சிற்றிதழ் முதலிய சிறு வெளியீடுகளைத் திட்டமிட்டு உருவாக்கும் முறையைப் போதிக்கும் கல்லூரிப் பாடம். ஜெர்மனியில் டெஸ்ஸாவ் நகரத்துப் பௌஹவுஸ் கலாசாலையில், 1925 முதல் 1928 வரை ஹெர்பர்ட் பேயர் தலைமை வகித்த அச்சுப் பட்டறை இதற்கு உன்னதமான முன்மாதிரி; அங்கே மாணவர்கள் கலாசாலைக்கு வேண்டிய பிரசுரங்களைத் தாமே எழுத்துக் கோத்து அச்சிட்டதோடு, 1922இல் வகுக்கப்பட்ட ஜெர்மானியக் காகித அளவுத் திட்டத்தையும் அனுசரித்தனர். வாசகர் யார், செலவு எவ்வளவு என்று நிர்ணயித்த பிறகே பக்க அமைப்பு தொடங்குகிறது. நடுமடிப்பில் கம்பியால் தைக்கும் பிரசுரத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காகவே அமைய வேண்டுமாதலால், 14 பக்க விஷயத்தை 16 ஆக விரிக்கவோ 12 ஆகச் சுருக்கவோ நேர்கிறது. கணினி வந்தபின் எழுத்துக் கோப்பது எளிதாயிற்று. ஆயினும், மாதிரிப் பிரதியைக் கையால் மடித்துப் பார்க்கும் பயிற்சியை எந்தக் கல்லூரியும் கைவிடலாகாது.