பேரிடருக்குப் பின் சிறு கடைக்காரர்: ஜப்பானில் அரசு மானியம் வந்த வரலாறு



நாங்கள் சிறுவயதில் இருந்த தோட்டம் ஆற்றோரத்துத் தோட்டம். 1980-களில் ஒரு மழைக்காலத்தில் ஆறு பெருகி, கீழ் லயத்தையும் அதை ஒட்டியிருந்த மளிகைக் கடையையும் மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்த மறுநாள் நாங்கள் வேடிக்கை பார்க்கப் போனோம். அரிசி மூட்டைகள் ஊதி வெடித்துக் கிடந்தன. சீனி கரைந்து போயிற்று. கருவாட்டு வாடையும் சேற்று வாடையும் ஒன்றாக வீசின. கடைக்காரரோ அவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒரு தகர டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் இருந்தவை 555 புத்தகங்கள். தோட்டத்தில் யார் யார் எவ்வளவு கடன் என்ற கணக்கு முழுவதும் அவற்றில்தான் இருந்தது. மை கரைந்து, எல்லாத் தாளும் ஒரே நீலமாகிவிட்டிருந்தது.

சம்பள நாளன்று பலர் வந்து தங்கள் கடனைத் தாங்களே சொல்லிக் கட்டினார்கள். சிலர் வரவில்லை. உதவி கேட்டு அவர் ஓர் அலுவலகத்துக்குப் போனபோது உரிமத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். உரிமம் இறந்துபோன தகப்பனார் பெயரில் இருந்தது. வீட்டுக்கென்று வந்த உதவி அவருக்கும் கிடைத்தது. கடைக்கென்று எதுவும் வரவில்லை. வட்டிக்கு வாங்கித் திறந்தார். இரண்டு ஆண்டுக்குள் மூடிவிட்டார்.

ஒருவருடைய சொந்தக் கடை இடிந்தால் அதை எடுத்து நிறுத்தப் பொதுமக்களின் வரிப்பணத்தைக் கொடுக்கலாமா? இந்தக் கேள்வி எங்கள் மனத்தில் அன்றிலிருந்தே உண்டு. கேட்பதற்கு எளிது, பதில் எளிதல்ல. இதே கேள்வியை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் போராடி, தன் பழைய பதிலை மாற்றிக்கொண்ட நாடு ஒன்று உண்டு. அது ஜப்பான். அந்த வரலாற்றைத்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் கோபே நகருக்குப் போவோம். அது ஒரு துறைமுக நகரம். அந்நகரின் நகாத்தா வட்டாரத்துக்கும் நம் ரப்பர் மரத்துக்கும் உறவு உண்டு என்றால் வியப்பாக இருக்கும். 1909-ல் டன்லப் கம்பெனி கோபேயில் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கியது. பிறகு நகாத்தாவில் ரப்பர்க் காலணித் தொழில் வளர்ந்தது. மலாயாவில் நம் பாட்டன், பாட்டிமார் விடியற்காலையில் சீவி எடுத்த பால்தான் உலகச் சந்தைக்குப் போன ரப்பரில் பெரும்பங்கு என்பதை நேயர்கள் அறிவீர்கள். போருக்குப் பின் 1950-களில் அந்த வட்டாரம் ரப்பரை விட்டுச் செயற்கைத் தோல் காலணிக்கு மாறியது.

அங்கே ஒரு பெரிய ஆலை இருந்து, அதில் எல்லாரும் வேலை செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு சந்தில் தோல் வெட்டுவார்கள், அடுத்த சந்தில் தைப்பார்கள், இன்னொரு வீட்டில் அடிப்பாகத்தை ஒட்டுவார்கள். கணவன், மனைவி, ஒரு பழைய இயந்திரம் என்று நடந்த சிறு பட்டறைகள் ஏராளம். கொரிய வம்சாவளியினர் பலரும், பின்னாளில் வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்தவர்களும் இத்தொழிலில் இருந்தனர். ஒரு காலணி முழுமை பெறுவதற்குள் பல வாசல்களைத் தாண்டிவிடும்.

1995 ஜனவரி 17, விடியற்காலை 5.46 மணி. பூமி குலுங்கியது. மொத்தம் 6,434 பேர் மாண்டனர். நகாத்தாவில் மரவீடுகள் சரிந்து தீப்பற்றின. காலணித் தொழிலகங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இடிந்தோ எரிந்தோ போயின. தப்பித்த பட்டறையும் ஓடவில்லை. வெட்டுபவன் பிழைத்தாலும் தைப்பவன் இல்லையென்றால் காலணி எப்படி உருவாகும்?

அரசு என்ன செய்தது? குறைந்த வட்டியில் கடன் கொடுத்தது. வாடகைக்குத் தற்காலிகத் தொழிற்கூடங்களும் கட்டப்பட்டன. ஆனால் இடிந்த கடைக்கோ பட்டறைக்கோ நேரடியாகப் பணம் கொடுக்க மறுத்தது. தனியார் சொத்து தனியாரின் பொறுப்பு, அதில் வரிப்பணத்தைப் போட்டால் ஒருவர் சொத்தை ஊரார் பெருக்கிக் கொடுத்ததாகும் என்பது அந்நாட்டு அரசு நெடுங்காலமாகப் பிடித்திருந்த கொள்கை. அதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தோட்டத்திலேயே ஒருவர் வீட்டுக் கூரைக்கு எல்லாரும் பணம் போட வேண்டும் என்றால், ஏன் என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள்.

எனினும் கடன் என்பது கடன்தான். நிலநடுக்கத்துக்கு முன்பே இயந்திரத்துக்கு வாங்கிய கடன் ஒன்று. அந்த இயந்திரம் சாம்பலாகிவிட்டது, கடன் சாம்பலாகவில்லை. அதன்மேல் புதுக்கடன் ஒன்று. இதை ஜப்பானியர் இரட்டைக் கடன் என்றார்கள். கட்ட முடியாமல் தவணையை நீட்டித் தரும்படி கேட்டார்கள். நீட்டினார்கள், மீண்டும் மீண்டும் நீட்டினார்கள்.

நகாத்தாவின் வணிகப் பகுதியில் நகராட்சி வேறொரு பெரிய வேலையையும் தொடங்கியது. சுமார் 20 ஹெக்டேர் நிலத்தில் உயர்ந்த கட்டடங்களை எழுப்பி, பழைய கடைக்காரர்களுக்கு அவற்றில் இடம் விற்றது. தெருவோரத்தில் காய்கறி விற்றவர் கடன் வாங்கி மாடிக் கட்டடத்துக்குள் இடம் வாங்கினார். பராமரிப்புக் கட்டணம் மாதந்தோறும் வந்தது. வாடிக்கையாளர் அப்படி வரவில்லை. பல கடைகள் வெறிச்சோடின. கட்டடம் புதிதாக இருந்தால் வியாபாரம் தானே வந்துவிடும் என்று திட்டம் போட்டவர்கள், ஒரு நாளாவது கடையில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

அரசின் கொள்கையை எதிர்த்து எழுந்தவர்களில் ஒதா மக்கோத்தோ என்ற எழுத்தாளர் முக்கியமானவர். அவரே நிலநடுக்கத்தை அனுபவித்தவர். குடிமக்களே ஒரு சட்ட வரைவை எழுதி நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று இயக்கம் நடத்தினார். பல திசைகளிலிருந்தும் வந்த நெருக்குதலால் 1998-ல், பாதிக்கப்பட்டவர் வாழ்க்கையை மீண்டும் தொடங்க உதவும் சட்டம் பிறந்தது. முதலில் ஒரு குடும்பத்துக்கு உச்சவரம்பு 10 லட்சம் யென். பிறகு அது 30 லட்சமாக உயர்ந்தது. 2007-ல் செய்த திருத்தத்துக்குப் பின் அப்பணத்தை வீடு கட்டவும் பயன்படுத்த முடிந்தது. ஆயினும் இது வீட்டுக்கு. கடைக்கதவு இன்னும் மூடியே இருந்தது.

அது திறக்க இன்னொரு பேரழிவு வேண்டியிருந்தது. 2011 மார்ச் 11, பிற்பகல் 2.46 மணிக்கு ஜப்பானின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் 9.0 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து ஆழிப்பேரலை வந்தது. 2004-ல் பினாங்கு, கெடா கரைகளில் அலை புகுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். இது அதைவிட மிகப் பெரிது. ஏறத்தாழ 15,900 பேர் இறந்தனர். 2,500-க்கும் மேற்பட்டோர் காணாமல் போயினர். மியாகி, இவாத்தே, ஃபுக்குஷிமா மாநிலக் கரைகளில் மீன்பிடி ஊர்கள் வரிசையாக அழிந்தன.

அந்த ஊர்களின் பிழைப்பு எப்படி என்று பார்க்க வேண்டும். படகு மீனைக் கொண்டுவரும். ஐஸ் கட்டி செய்பவர், குளிர்ப்பதனக் கிடங்கு வைத்திருப்பவர், மீனை வெட்டி டப்பாவில் அடைப்பவர், பெட்டி செய்பவர், லாரி ஓட்டுபவர் என்று ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு வேலை போகும். ஐஸ் இல்லையென்றால் படகு கரைக்கு வந்து பயனில்லை. கோபேயில் காலணிச் சங்கிலி அறுந்தது போலவே இங்கே மீன் சங்கிலி அறுந்தது.

இந்தச் சங்கிலியை வைத்துத்தான் அரசு தன் பழைய கொள்கைக்கு ஒரு வாசல் கண்டது. தனி ஒருவரின் கடை தனிச் சொத்து. ஆனால் பலர் ஒன்றாகச் சேர்ந்து, எங்கள் தொழில் எழுந்தால் இந்த வட்டாரமே எழும், இத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று திட்டம் போட்டுக் காட்டினால் அது ஊர்ப் பொருள். எனவே குழுவாக விண்ணப்பிக்கும் சிறு, நடுத்தரத் தொழில்களுக்குக் கட்டடத்தையும் இயந்திரத்தையும் பழையபடி ஆக்கும் செலவில் நான்கில் மூன்று பங்கு மானியம். அதில் மத்திய அரசு பாதி, மாநில அரசு கால். மீதிக் காலை உரிமையாளர் போட வேண்டும். அதற்கும் வட்டியில்லாத கடன் வசதி இருந்தது, 20 ஆண்டில் கட்டலாம். தனியாகக் கேட்டால் கிடைக்காதது கூட்டாகக் கேட்டால் கிடைக்கும் என்பது நமக்குப் புதிதல்ல. 1960-ல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து தோட்டம் வாங்கியவர்கள் நம் பெற்றோர்தாமே.

முதல் ஒதுக்கீட்டைவிட விண்ணப்பங்கள் பன்மடங்காக வந்தன. பலர் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. ஆண்டுகள் செல்லச் செல்ல 700-க்கும் மேற்பட்ட குழுக்களுக்கு மொத்தம் 50,000 கோடி யென்னுக்கு மேல் மானியம் போய்ச் சேர்ந்தது. பழைய கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கி, கடனாளியின் சுமையைக் குறைக்க 2012-ல் ஓர் அமைப்பும் ஏற்பட்டது. கோபேயின் இரட்டைக் கடனில் கற்ற பாடம் அது.

பணம் வருவதற்குள் மக்கள் சும்மா இருக்கவில்லை. இஷினோமாக்கி நகரில் ஒரு மீன் டப்பா ஆலை அலையில் போயிற்று. சேற்றில் புதைந்த டப்பாக்களை ஆட்கள் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். தோக்கியோவில் ஒரு கடைத்தெருக்காரர்கள் அவற்றை வாங்கி, கழுவி, விற்றுக் கொடுத்தார்கள். பெயர்த்தாள் கிழிந்து, உள்ளே என்ன மீன் என்று தெரியாத டப்பாக்கள்! அப்படி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை மக்கள் கைக்குப் போயின. மினாமிசன்ரிக்கு என்ற ஊரில் 2012 பிப்ரவரியில் தற்காலிகக் கூடங்களில் சுமார் 30 கடைகள் திறந்தன. நிலத்தைப் பல மீட்டர் மண் கொட்டி உயர்த்தி நிரந்தரக் கடைவீதி திறந்தபோது 2017 மார்ச் ஆகிவிட்டது. ஒனகாவா ஊரிலோ வணிகர் சங்கத்துப் பெரியவர்கள், அறுபது வயதைத் தாண்டிய நாங்கள் வாய் திறக்காமல் பின்னால் நிற்கிறோம், இளைஞர்கள் திட்டம் போடட்டும் என்று ஒதுங்கினார்கள். நம் தோட்டத்துக் கோயில் கமிட்டியில் இப்படி ஒரு நாள் நடந்தால் பார்க்கலாம்.

மானியத்தில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பணம் பெரும்பாலும் வேலை முடிந்து, ரசீதுகளைக் காட்டிய பிறகே கைக்கு வந்தது. அதுவரை கைக்காசோ கடனோதான். பழையது எப்படி இருந்ததோ அப்படியே கட்ட வேண்டும் என்ற விதி வேறு. ஊரில் பாதி பேர் வெளியேறிய பிறகு பழைய அளவுக் கடை எதற்கு? இந்த விதியைப் பின்னர்தான் தளர்த்தினார்கள். மானியத்தில் வாங்கிய இயந்திரத்தை அனுமதியின்றி விற்கவும் முடியாது.

எல்லாவற்றிலும் பெரிய சங்கடம் வேறு. ஆலை எழுந்தது, வாடிக்கையாளர் திரும்பவில்லை. இவர்கள் மூடிக் கிடந்த காலத்தில் தோக்கியோ கடை அலமாரிகளில் வேறு ஊர்ச் சரக்கு இடம் பிடித்துவிட்டது. ஐந்தாண்டு கழித்து அரசே எடுத்த கணக்கில், மானியம் பெற்றவர்களுள் பழைய விற்பனையை எட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. கட்டுமானத் தொழிலார் நன்றாக இருந்தனர். மீன் பதனிடுவோர் கடைசியில் இருந்தனர். ஃபுக்குஷிமாவில் அணு உலை விபத்தின் பழி அந்த வட்டாரச் சரக்கு முழுவதன்மேலும் விழுந்தது. சுவரைப் பணத்தால் எழுப்பலாம். அறுந்த வியாபாரத் தொடர்பு அவ்வளவு விரைவில் ஒட்டுவதில்லை.

ஆயினும் திறந்த கதவு மூடவில்லை. 2016-ல் குமாமோத்தோ நிலநடுக்கம், 2018-ல் மேற்கு ஜப்பான் வெள்ளம் ஆகியவற்றுக்கும் இதே முறை பின்பற்றப்பட்டது. 2020-ல் குமா ஆறு பெருகி ஹித்தோயோஷி நகரை மூழ்கடித்தபோது, குழு சேர வேண்டும் என்ற நிபந்தனையும் போயிற்று. தனிக் கடைக்காரரும் கேட்கலாம் என்றாயிற்று. தனியார் சொத்து தனியார் பாடு என்ற கொள்கை இப்படிப் படிப்படியாகக் கரைந்தது.

நம் நாட்டிலும் 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஏற்பட்ட மொத்த இழப்பு 610 கோடி வெள்ளி என்றும், அதில் வணிக இடங்களின் இழப்பு மட்டும் 50 கோடி வெள்ளி என்றும் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. குடும்பங்களுக்கு 1,000 வெள்ளி உதவித்தொகை கிடைத்தது. சிறு தொழில்களுக்கு பேங்க் நெகாரா ஏற்பாட்டில் குறைந்த வட்டிக் கடன் திட்டம் இருந்தது. கடனுக்கும் மானியத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கோபேயின் கதையில் பார்த்தோம்.

ஜப்பானில் எந்த மானியத்துக்கும் முதலில் வேண்டியது, சேதத்தை நேரில் பார்த்து நகராட்சி கொடுக்கும் சான்றிதழ். அதோடு கணக்கு, படம், வரி கட்டிய தாள் ஆகியவையும் வேண்டும். வீட்டு வாசலில் பலகாரம் விற்கும் தாய்மார்களும், மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுபோகும் தம்பிமார்களும் பதிவுத் தாளையும் உரிமத்தையும் தம் பெயரில் எடுத்து, ஒரு நகலை மேட்டுப்பகுதியில் உள்ள உறவினர் வீட்டில் வைப்பது நல்லது. கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைக்கலாம். 555 புத்தகத்தையும் சேர்த்துத்தான்.

2024 ஜனவரி முதல் நாள் நோத்தோ தீபகற்பம் குலுங்கியது. வஜிமா நகரில் பெண்கள் நடத்திவந்த புகழ்பெற்ற காலைச் சந்தைத் தெரு தீயில் அழிந்தது. அங்கும் நான்கில் மூன்று பங்கு மானியம் அறிவித்தார்கள். அந்தப் பெண்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. மார்ச் மாதமே கனசாவா நகருக்குப் போய், ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் சந்தையை விரித்தார்கள். செப்டம்பரில் அதே வட்டாரத்தில் பெருமழை கொட்டி வெள்ளம் புகுந்தது. பழுதுபார்த்துக் கொண்டிருந்த கடைகள் சில மறுபடியும் சேறாயின. அவர்கள் மறுபடியும் சான்றிதழுக்கு எழுதிப் போட்டார்கள்.