ஆடு அறிந்த பகைமை

ஓநாயைக் கண்ட ஆடு ஓடுகிறது. அதன் கண்ணுக்குப் புலப்படுவன ஓநாயின் நிறமும் உருவமுமே. பகைமைக்கு நிறமில்லை, உருவமுமில்லை. எனில், ஆடு அப்பகைமையை எதனைக் கொண்டு அறிந்தது? மனத்தை மூளையைக் கொண்டே முழுமையாக விளக்கிவிட முடியுமா என்று இன்று விவாதிப்போர், இப்னு சீனா (கி.பி. 980–1037) கையாண்ட இவ்வுதாரணத்தை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.

இப்னு சீனா மருத்துவர். அகப்புலன்களை அவர் மூளையின் குழிகளிலேயே இருத்தினார். முன்குழியில் பொதுப்புலனும் உருவங்களைக் காத்துவைக்கும் ஆற்றலும், நடுக்குழியில் கற்பனை, அதன் இறுதியில், ஆட்டுக்குப் பகைமையை உணர்த்தும் ‘வஹ்ம்’, பின்குழியில் நினைவு. ஓரிடம் பழுதுற்றால் அதற்குரிய ஆற்றலும் பழுதுறும் என்பது அவர் கொள்கை. அக்குழிகளில் நிறைந்திருப்பது நீரே என்பதை இன்று நாம் அறிவோம். ஆயினும் கொள்கை வீண்போகவில்லை. 1953இல் வலிப்பு நோய்க்காக ஹென்றி மொலைசன் என்னும் அமெரிக்கருக்கு மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. 2008இல் இறக்கும்வரை புதிய நிகழ்ச்சிகள் அவர் நினைவில் தங்கவேயில்லை.

இவ்வளவையும் மூளைக்கு ஒப்படைத்த இப்னு சீனா, அறிவை மட்டும் ஒப்படைக்க மறுத்தார். முழு வளர்ச்சியுடன் படைக்கப்பட்டு, கண்கள் மறைக்கப்பட்டு, உறுப்புகள் ஒன்றையொன்று தீண்டாமல் வெளியில் மிதக்கும் ஒரு மனிதனை அவர் ‘ஷிஃபா’வில் கற்பனை செய்கிறார். அம்மனிதன் தன் கைகால்களையோ மூளையையோ அறியான். தான் இருப்பதை மட்டும் அறிவான். அழகிய சிந்தனைதான். ஆனால் நீரைப் பருகுகிறவன் அது எவற்றால் ஆனதென அறியாமலே பருகுகிறான் அன்றோ? அறியாமை, இல்லாமைக்குச் சான்றாகாது. அவருடைய மற்றொரு வாதமே வலுவானது: உடல் கூறுபடக்கூடியது, அறிவில் பதியும் பொதுக்கருத்தோ கூறுபடாதது, கூறுபடாதது கூறுபடுவதில் தங்க இயலாது, ஆகவே அறிவு உடலில் இல்லை.

1095இல் பக்தாதில் நிறைவுற்ற ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’வின் பதினெட்டாம் விவாதத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இவ்வாதத்தை எதிர்கொள்ளும் விதம் நம்மை வியப்பிலாழ்த்துகிறது. ஆன்மாவை நிறுவ முனையும் வாதத்தை மார்க்க அறிஞர் ஒருவர் ஆதரிப்பார் என்றே நாம் எதிர்பார்ப்போம். அவரோ அந்த ஆட்டையே திரும்ப அழைத்து வருகிறார். பகைமையும் கூறுபடாததே, பாதிப் பகைமை, கால் பகைமை என்று எதுவுமில்லை. அதை உணரும் ஆற்றல் உடலைச் சார்ந்தது எனத் தத்துவவாதிகளே ஒப்புகின்றனர். ஆட்டில் இயல்வது மனிதனில் ஏன் இயலாது?

இமாம் அவர்கள் ஆன்மாவை மறுக்கவில்லை. ஷரீஅத்தின் துணையின்றி, பகுத்தறிவு மட்டுமே அதனை ஐயமற நிறுவிவிட்டது என்னும் செருக்கையே மறுத்தார். உணர்வை இன்னும் விஞ்ஞானம் விளக்கவில்லை, ஆகவே ரூஹ் நிரூபணமாயிற்று என்று நம் மேடைகளில் அவசரப்படுவோர் இவ்வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மூளைப் படங்களைக் காட்டி ஆன்மாவை இல்லையென்போருக்கும் இது பொருந்தும். சிவப்பைக் காணும் அனுபவம் நரம்புகளின் இயக்கத்திலிருந்து எவ்வாறு எழுகிறது என்பதை அப்படங்கள் சொல்வதில்லை.

‘தஹாஃபுத்’துக்கு மறுப்பெழுதிய இப்னு ருஷ்து (1126–1198) வஹ்மையே ஏற்கவில்லை. விலங்குகளுக்கு அப்படியொரு தனியாற்றலைக் கற்பித்தது இப்னு சீனாவின் புதுமை. பண்டைய தத்துவவாதிகள் அவ்வாறு கூறவில்லை. கற்பனையாற்றலே போதும் என்றார் அவர்.