எச்.ஐ.வி: தொற்றிய முதல் வாரங்களில் மூளையில் என்ன நடக்கிறது?

காய்ச்சல், தலைவலி, தொண்டை வலி. மாத்திரை போட்டதும் சரியாகிவிடுகிறது, வேலைப் பளுவில் மறந்தும் போய்விடுகிறது. எச்.ஐ.வி தொற்றின் தொடக்கம் பலருக்கு இப்படித்தான் இருக்கும். ஆனால், அதற்குள் வைரஸ் மூளை வரை போயிருக்கலாம்.

எவ்வளவு சீக்கிரம்?

தாய்லாந்தில் புதிதாகத் தொற்று ஏற்பட்டவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. தொற்றிய சுமார் 8 நாட்களிலேயே, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள திரவத்தில் வைரஸ் காணப்பட்டது.

எப்படி நுழைகிறது?

ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. தொற்றுக்குள்ளான வெள்ளணுக்கள் அதைக் கடக்கும்போது வைரஸும் கூடவே போகிறது. அது நேரடியாக நரம்பு செல்களைத் தாக்குவதில்லை. மூளையின் நோய் எதிர்ப்பு செல்களில் தங்குகிறது. அங்கே உண்டாகும் அழற்சிதான் நரம்பு செல்களைச் சேதப்படுத்துகிறது. ஆரம்பக் கட்டத்திலேயே சிலருக்கு மூளை உறை அழற்சி வரலாம். அரிதாக முகவாதமோ கை, கால் பலவீனமோ ஏற்படலாம்.

இந்திய வைரஸ் 'சாது'வா?

இந்தியாவில் அதிகம் இருப்பது 'சி' வகை. அதன் 'டாட்' புரதம் வெள்ளணுக்களை ஈர்ப்பதில் பலவீனமானது என்று பெங்களூரு விஞ்ஞானி உதய்குமார் ரங்காவின் குழு 2004இல் காட்டியது. அப்படின்னா மூளை தப்பித்துவிடுமா?

இல்லை. விவேக் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள், சிகிச்சை தொடங்காத 119 பேரைச் சோதித்தனர். 2007இல் வெளியான முடிவுப்படி, 60.5 சதவீதம் பேருக்கு நினைவாற்றல், கற்றல் போன்றவற்றில் லேசான அல்லது மிதமான குறைபாடு இருந்தது. யாருக்கும் கடுமையான பாதிப்பு இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

* ஆபத்தான தொடர்பு நடந்திருந்தால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.
* முதல் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தாலும், 3 மாதம் கழித்து மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.
* தொற்று உறுதியானால் தாமதிக்காமல் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்குங்கள். அரசு மையங்களில் இது இலவசம். ரத்தத்தில் மட்டுமல்ல, மூளைத் திரவத்திலும் இது வைரஸைக் குறைக்கிறது.
* ஆபீஸில் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயத்திலேயே பலர் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். தொற்றைக் காரணம் காட்டிப் பாகுபாடு பார்ப்பதை 2017ஆம் ஆண்டு சட்டம் தடை செய்கிறது.

சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச உதவி எண்ணை அழைக்கலாம்.