சாவ்தான்... விஷ்ராம்!

பொண்ணு காலேஜில் சேர்ந்த வாரமே என்.சி.சி. படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "ஞாயித்துக்கிழமை வெயில்ல நின்னா நாளைக்கு எவன் வேலை குடுப்பான்?" என்று தங்கமணி கேட்டாங்க.

நியாயமான கேள்விதான். ஆனால் அது வேலை வாங்கித் தருவதற்காக ஆரம்பித்த சமாசாரமே இல்லை. முதல் உலகப் போர் நேரத்தில், 1917-ல், ராணுவத்தில் ஆள் பற்றாக்குறை. வெள்ளைக்காரன் கல்லூரிப் பையன்களை வைத்து யுனிவர்சிட்டி கோர் என்று ஒன்றைத் தொடங்கினான். பெயர் இரண்டு தடவை மாறியது. 1946-ல் ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அதன் பரிந்துரைப்படி 1948 ஜூலையில் பிறந்ததுதான் தேசிய மாணவர் படை. அடுத்த வருடமே பெண்கள் பிரிவும் வந்துவிட்டது. (இதைச் சொன்னதும் பொண்ணு அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கே!)

1962 சீனப் போருக்குப் பிறகு, 1963-ல், கல்லூரிகளில் கட்டாயமாக்கினார்கள். 1968-ல் மறுபடி விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று ஆனது. என்னைக் கேட்டால் அதுதான் சரி. அதே 1968 ஜனவரியில் தமிழக சட்டசபையில் நிறைவேறிய இருமொழித் தீர்மானத்திலும் என்.சி.சி. உண்டு. அணிவகுப்பில் இந்தி ஆணைச் சொற்கள் கூடாது என்றது அது. நான் 'சாவ்தான், விஷ்ராம்' கேட்டது வடக்கே ஒரு ஒருமைப்பாட்டு முகாமில்தான். பின்னாளில் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தபோது எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவே. அதை வைத்துக்கொண்டு காய்கறி வாங்க முடியாது!

ஆனால் அந்த முகாமில் கற்றது வேறு. துப்பாக்கிகள் வைக்கும் அறைக்குக் 'கோத்' என்று பெயர். காலையில் எண்ணி, நம்பர் பார்த்து, கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் அதே போல எண்ணி வாங்க வேண்டும். ஒன்று குறைந்தால் யாரும் தூங்க முடியாது. வங்கியில் கேஷ் டேலி ஆகாத ராத்திரியும் அப்படித்தாங்க. பி.காம். மூன்று வருடத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

2016 நவம்பர் 10. பழைய நோட்டை மாற்ற வாசலில் கூட்டம் நெருக்குகிறது. சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத கிளார்க் பெண் ஒருத்தி வெளியே போனாள். வரிசையை இரண்டாகப் பிரித்தாள், பெரியவர்களுக்கு நாற்காலி போட்டாள், துண்டுச் சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தாள். அரைமணிக்கு ஒரு தரம் உள்ளே இருக்கும் கையிருப்பைக் கேட்டு, இன்னும் எத்தனை பேருக்கு வரும் என்று ஒளிக்காமல் சொன்னாள். அன்று எங்கள் வாசலில் கைகலப்பு இல்லை. சாயங்காலம் டீ குடிக்கும்போது கேட்டேன். கேடட்டாம், 'சி' சான்றிதழ் வரை!

அந்தச் சான்றிதழுக்கு வங்கித் தேர்வில் தனி மதிப்பெண் கிடையாது. பட்டப்படிப்பும் தேவையான கிரேடும் இருந்தால், ராணுவ அதிகாரி வேலைக்கு எழுத்துத் தேர்வு இல்லாத தனி வழி ஒன்று உண்டு. இதையெல்லாம் தங்கமணியிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

படிவத்தில் கையெழுத்தும் போட்டாச்சு. பூட்ஸுக்கு பாலிஷ் போடுவது யார் என்பதில்தான் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.